ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பொறுப்பாளர்களும், தமிழ்நாட்டில் நுரையீரல் மாற்று அறுவை செய்யும் மருத்துவர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இரண்டு நுரையீரல்களையும் மாற்றிக்கொண்டவன். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு சின்னக் கருவியில் மூச்சு முட்ட ஊதி, வரும் எண்ணை நோட்டில் எழுதி வருகிறேன். முதல் விநாடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்பதுதான் அந்த எண். நீங்கள் எஃப்இவி1 என்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஊதல். "இன்னைக்கு ஊதல் எவ்வளவு?" என்று மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள். 2.5-க்கு மேல் சொன்னால் காபி வரும். குறைத்துச் சொன்னால் அவளே வந்து நிற்பாள்.

அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் மாற்றி வைத்த நுரையீரலை உடம்பு நிராகரிக்க ஆரம்பித்தால், அந்த உண்மையைச் சொல்ல அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுத்தான் இந்த மடல்.

என் அறுவை முடிந்த பதினோராம் நாள் அதே வார்டுக்கு வந்தவர் கரூர்க்காரர் ஒருவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். பரிசோதனைக்கு இருவரும் ஒரே நாளில் தேதி வாங்கிக்கொள்வோம். ஊதும் அறைக்கு வெளியே உட்கார்ந்து, மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அவருக்கு என்னைவிட நல்ல நுரையீரல் வாய்த்திருந்தது. அவருடைய மிகச் சிறந்த இரண்டு ஊதல்களின் சராசரி 3.10, என்னுடையது 2.60. அந்த அரை லிட்டரைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய ஊதல் 2.90 ஆனது. சளி என்றார்கள். 2.70 ஆனபோது, ஊத வைத்தவர் சரியாக ஊத வைக்கவில்லை, மறுபடி ஊதச் சொல்லுங்கள் என்றார் ஒரு மருத்துவர். 2.45-இல் சிடி, பிராங்கோஸ்கோபி, பயாப்ஸி. கிருமி எதுவும் சிக்கவில்லை. பயாப்ஸியிலும் தெளிவாக ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மூன்று வாரம், உறுதி செய்துகொள்வோம் என்று மூன்று மாதம். 'கிளாட்', அதாவது நாட்பட்ட நிராகரிப்பு, என்ற சொல் அவருடைய கோப்பில் ஏறிய அன்று ஊதல் 1.95. அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தார்.

யார் மேலும் குற்றம் சுமத்த வரவில்லை. இலக்கணமே அப்படித்தான் இருக்கிறது. இதய, நுரையீரல் மாற்றுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வகுத்த வரையறைப்படி, சிறந்த இரண்டு ஊதல்களின் சராசரியிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால்தான் நாட்பட்ட நிராகரிப்பு என்று சந்தேகிக்கவே ஆரம்பிக்கிறார்கள். வேறு காரணங்களை ஒதுக்கிய பிறகும் இறக்கம் மூன்று மாதம் நீடித்தால்தான் உறுதி. அண்ணனுக்கு அந்தக் கோடு 2.48. எனக்கு 2.08. என் நோட்டின் அட்டையில் 2.08 என்று சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நுரையீரலின் கோடியில் பல்லாயிரம் சின்ன மூச்சுக்குழல்கள் இருக்கின்றன. நம் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியம் என்று கண்டு தாக்கத் தாக்க, ஒவ்வொன்றாகத் தழும்பேறி அடைபடுகின்றன. இருநூறு முன்னூறு அடைபட்டாலும் ஊதலில் தெரியாது. மிச்சமிருப்பவை சுமையைத் தாங்கிக்கொள்ளும். கரையான் அரித்த வாசல் நிலையில் பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும், கதவு தொங்குகிற அன்றைக்குத்தான் விரலால் குத்திப் பார்ப்போம். இன்னொரு வகையில் நுரையீரலே இறுகிச் சுருங்கிவிடுகிறது. அது இன்னும் வேகமாக ஆளைக் கொண்டுபோகும்.

1963-இல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதல் நுரையீரலை மாற்றி வைத்தபோது நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1983-இல் டொரண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவிடம் மாற்றிக்கொண்டவர் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். அறுவை வளர்ந்துவிட்டது. இந்தக் குழல் அடைப்பு நோயை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் விவரித்து எழுதியது 1984-இல். இன்றும் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது வருகிறது. பன்னாட்டுப் பதிவேட்டின்படி, 2010-க்குப் பின் மாற்றிக்கொண்டவர்களில் பாதிப்பேர்தான் 6.7 ஆண்டைத் தாண்டினார்கள். நான் ஆறைத் தாண்டியவன் என்பதை மறுபடி சொல்லவேண்டியதில்லை.

அண்ணன் போன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வருவாய்த்துறையில் முப்பது வருடம் பட்டாவும் அடங்கலும் பார்த்த கண், மரபணுக் கட்டுரைகளில் தடுமாறியது. ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கம் கேட்பேன். "மாமா, இதையெல்லாம் படிச்சா ராத்திரி தூக்கம் வராது" என்பாள். படிக்காதபோதும் வரவில்லை.

முதலில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது இது. செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. என் ரத்தத்தில் ஓடும் துணுக்குகளில் பெரும்பகுதி என்னுடையவை, கொஞ்சம் எனக்கு நுரையீரல் கொடுத்தவருடையவை. நுரையீரல் செல்கள் அதிகம் செத்தால் அவருடைய பங்கு கூடும். யாருடைய துணுக்கு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் ஒரே ஊரின் இரண்டு முருகேசன்களை இனிஷியலை வைத்துப் பிரிப்போமே, அதே வேலைதான். மனிதருக்கு மனிதர் மாறும் மரபணு எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றை எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள். இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை என்பதால், தெரிவது போன மாதத்துச் சேதம் இல்லை, இன்றைய சேதம்.

வாஷிங்டன் வட்டாரத்து மாற்று மருத்துவமனைகள் சில சேர்ந்து, ஷான் அக்போர்-எனோ முன்னின்று செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நுரையீரல் மாற்றிக்கொண்ட 106 பேர். அறுவை முடிந்த முதல் மூன்று மாதங்களில் கொடையாளி டிஎன்ஏயின் சராசரி யாருக்கு எவ்வளவு என்று பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். அளவு அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, பின்னாளில் நுரையீரல் தோற்றுப்போகும் அபாயம் மற்றவர்களைவிட 6.6 மடங்கு. ஊதல் இறங்குவதற்கு ரொம்ப காலம் முன்பே, முதல் மூன்று மாதத்திலேயே ஒரு தடயம். அந்த வரியைப் படித்தபோது, முதல் மூன்று மாதத்தில் எனக்கும் அண்ணனுக்கும் எத்தனை முறை ரத்தம் எடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும்.

இன்னொன்று கேட்கக் கேட்க ஆச்சரியம். 1997-இல் ஜப்பானில் கண்டுபிடித்த டார்க் டெனோ என்ற வைரஸ் அநேகமாக எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. அதனால் நோய் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. சும்மா குடியிருக்கிறது. நாங்கள் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் இது ஏகத்துக்குப் பெருகும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டால் குறையும். ஆகவே இந்த வைரஸ் ரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு வரப் பார்க்கிறது, மிதமிஞ்சிக் கூடினால் தொற்று வரப் பார்க்கிறது என்று வியன்னா குழு 2018-இல் எழுதியது. எதிர்ப்புச் சக்தியை அடக்க நாங்கள் விழுங்கும் டேக்ரோலிமஸின், சுருக்கமாக டேக்ரோவின், அளவைப் பார்த்தால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று தெரியும், அந்த மருந்து என் உடம்பை எவ்வளவு அடக்கியிருக்கிறது என்று தெரியாது. அதை ஒரு உபத்திரவமில்லாத வைரஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார்களே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் நாந்த் நகரத்து ஆய்வாளர்கள் ரத்த செல்களில் மூன்று மரபணுக்களின் இயக்கம், நோய் உறுதியாவதற்கு ஆறு மாதத்துக்கும் முன்பே மாறுவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் மோகனகுமார் குழு, நுரையீரல் உதிர்க்கும் நுண்பைகளில் அதன் சொந்தப் புரதங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே தென்படுவதாகக் காட்டியது. கொடையாளிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை நீங்களே பார்க்கிறீர்கள். சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்று அழற்சிப் புரதங்கள் இருக்கின்றன. ஜப்பானில் நுரையீரல் தழும்பு நோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் கேஎல்-6 இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், ஊதலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார இவற்றில் எதற்கும் இன்னும் தகுதி வரவில்லை. இதையும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறுவிதமாகப் பேச்சு ஓடுகிறது. ஒரு பரிசோதனைக் கூடத்தின் விளம்பரத்தை ஒருவர் போட்டார். "நிராகரிப்பை முன்கூட்டியே அறியுங்கள்" என்று கொட்டை எழுத்தில். கட்டணத்தைப் பார்த்துவிட்டு, மகளின் வளையலை வைத்துப் பணம் புரட்டலாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். வேண்டாம் அம்மா என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நானா?

கொடையாளி டிஎன்ஏ கூடினால் நுரையீரலில் சேதம் என்றுதான் பொருள். சேதம் நிராகரிப்பாலும் வரும், கிருமியாலும் வரும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் நாடு இது. பூஞ்சைத் தொற்றும் நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் வரைந்த கோடு இங்கே அப்படியே பொருந்துமா? அளவு கூடியிருக்கிறது, நிராகரிப்புதான் என்று நம்பி ஸ்டீராய்டை ஏற்றி, உள்ளே இருந்தது காசநோய் என்றால் அந்த ஆள் என்ன ஆவான்? தவிர, இது சதவீதக் கணக்கு. கடும் காய்ச்சலில் என்னுடைய செல்கள் அதிகம் சிதைந்தால் கொடையாளியின் பங்கு சிறுத்துக் காட்டிப் பொய் நிம்மதி தரும். ஒரு நுரையீரல் வாங்கியவருக்கும் இரண்டு வாங்கியவருக்கும் ஒரே கோடு போட முடியாது. இதெல்லாம் நம் நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்துத் தெளிய வேண்டிய கேள்விகள்.

ஆகவே என் வேண்டுகோள்: எங்கள் ரத்தத்தைச் சேர்த்து வையுங்கள்.

முதலில் நான் இதைச் சுலபமாக நினைத்தேன். ஒவ்வொரு முறையும் நாலைந்து குழாய் எடுக்கிறார்கள், ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் டேக்ரோவும் பார்த்தது போக மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள், அந்த மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன? அக்கா மகள் சிரித்தாள். ரத்தம் குழாயில் கிடக்கக் கிடக்க என் வெள்ளையணுக்கள் உடைந்து, என் டிஎன்ஏ வெள்ளமாக வந்து கொடையாளியின் துணுக்கை மூழ்கடித்துவிடுமாம். சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் செல் உடையாமல் காக்கும் தனிக் குழாயில் எடுக்க வேண்டும். பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும், கரண்டு போனாலும் அந்தக் குளிர் போகக்கூடாது. சரி, மிச்சம் உதவாது. அப்படியானால் கூடுதலாக ஒரு குழாய் எடுங்கள். ஊசி ஒன்றுதானே, குத்துவதும் ஒருமுறைதானே.

ஒரு மருத்துவமனை தனியாகச் செய்து பிரயோசனமில்லை. ஆணையத்தை நோக்கி எழுதுவது அதற்காகத்தான். நுரையீரல் மாற்றில் நாட்டிலேயே முன்னால் நிற்கும் ஊர்களில் ஒன்று சென்னை, ஆனால் எண்ணிக்கை பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கிறது. அவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால் முடியும். காத்திருப்போர் பட்டியலை ஒரே வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த உறுப்பு என்பதை விதிப்படி தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். அதே கண்டிப்போடு, எந்த மாதத்தில் ரத்தம் எடுப்பது, எப்படிப் பிரிப்பது, கூடவே அன்றைய ஊதல், டேக்ரோ அளவு, அப்போதிருந்த தொற்று என்ன என்று எழுதி வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் போடுங்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் 106 பேர்தான். அது நமக்கு எட்டாத எண்ணிக்கை இல்லை. சேர்த்து வைத்த ரத்தத்தை நாலைந்து ஆண்டு கழித்து எடுத்து, கிளாட் வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிந்த நிலையில் பின்னோக்கிப் பார்த்தால், எந்தக் குறி நம்மிடம் முன்கூட்டிப் பேசியது, எது உளறியது என்று பிடிபட்டுவிடும். இன்று எடுக்காத ரத்தத்தை ஐந்தாண்டு கழித்து எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள், கிளாட்டுக்குத்தான் மருந்தே இல்லையே என்று ஒரு மருத்துவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் பாதி நியாயம்தான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 83 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். நோய் வரும் முன்பே அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டவர்களில் இரண்டாண்டில் 12.5 சதவீதம் பேருக்குத்தான் குழல் அடைப்பு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44.2 சதவீதம். நம் ஊர் மெடிக்கலில் தும்மலுக்கு மூன்று நாள் கோர்ஸ் என்று எடுத்துக் கொடுக்கிறார்களே, அதே அசித்ரோமைசின். அந்தக் காலத்துக்குள் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தழும்பு விழும் முன் கை வைப்பதற்கும் விழுந்த பின் கை வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. வெள்ளையணுக்களைப் பிரித்து மருந்து கலந்து புற ஊதா ஒளி காட்டித் திரும்ப ஏற்றும் சிகிச்சையும் சிலருக்கு இறக்கத்தின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைவதுதான், ஏறுவதில்லை. அப்படியென்றால் 1.95-இல் நிற்பதைவிட 2.70-இல் நிற்பது மேல் இல்லையா?

மருந்தே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அண்ணனின் மனைவி சொன்னது ஒன்று இருக்கிறது. "ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா, பெரியவ கல்யாணத்த அந்தத் தையிலயே முடிச்சிருப்பாரு தம்பி. ஆக்சிஜன் மிஷினோட மணவறையில உக்காந்திருக்க வேண்டாம்." எந்த ஆய்விலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது.

என்னைப் போன்ற தூரத்துக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவிட் காலத்தில் அமெரிக்காவில் நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கொடையாளி டிஎன்ஏ 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்போதைக்கு நுரையீரலில் கோளாறு இல்லை. இது உடனடிக் கோளாறுகளைப் பற்றிய கணக்கு, நாட்பட்டதைப் பற்றியது இல்லை. என்றாலும் திண்டுக்கல்லில் எடுக்கும் ரத்தம் பெட்டியில் சென்னைக்குப் போனால், நான் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் இருமிக்கொண்டு வர வேண்டியதில்லை. சில பயாப்ஸிகளும் தேவைப்படாமல் போகலாம். எனக்கு ஒருமுறை பயாப்ஸியில் ரத்தம் கசிந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன், அதனால் எனக்கு இதில் சொந்த ஆசையும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். உறைய வைக்கும் என் ரத்தத்தில் இருப்பது என் மரபணு மட்டுமில்லை. எனக்கு நுரையீரல் கொடுத்தவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் விதி. அது நல்ல விதி. ஆனால் அவருடைய எழுத்துகள் அந்தக் குழாயில் இருக்கும். என் கையெழுத்து ஒன்று மட்டும் அதற்குப் போதுமா? 2008-இல் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு எத்தனையோ வீட்டார் அழுதுகொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2023 முதல் உறுப்பு கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதையும் செய்கிறது. அந்தப் படிவத்தில், இந்த உறுப்பு எவ்வளவு காலம் நன்றாக இருக்கிறது என்று அறியும் ஆய்வுக்குச் சம்மதமா என்று எளிய தமிழில் ஒரு வரி சேருங்கள். அந்த நேரத்தில் கேட்பது கஷ்டம், எனக்குத் தெரியும். கேட்காமல் எடுப்பது தவறு.

இதையெல்லாம் தொடங்க நாளாகும். அதுவரைக்கும் இரண்டு காரியம் உடனே செய்யலாம். வீட்டில் ஊதும் கருவி, மாற்றிக்கொண்ட எல்லோருக்கும் கிடைக்கச் செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் அறுவைக்கே இடம் இருக்கும்போது இதற்கு இல்லாமலா போகும். எங்கள் குழுவில் பலர் மாதம் ஒருமுறை மருத்துவமனையில் ஊதுவதோடு சரி. மற்றது, எந்த ரத்தப் பரிசோதனை நிரூபணமானது, எது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, உங்கள் பெயரில். வளையலை வைக்கலாமா என்று கேட்ட அந்தத் தாய்க்கு நான் அனுப்ப ஒரு தாள் வேண்டும்.

என் அடுத்த தேதி வரும் புதன்கிழமை. பாண்டியனில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்குவேன். காலை டேக்ரோவைப் போடாமல் ஏழு மணிக்கே ரத்தம் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். வலது கையில் நரம்பெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது, இடது கையில் எளிதாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
இரண்டு நுரையீரல்களை இரவல் வாங்கிய ஒருவன்,
திண்டுக்கல்